காலம்: ஆய்வில் உள்ளது

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்த அந்தச் சிறிய நூதனசாலைக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. நூறு வயதாகாத எந்தப் பொருளும் அதன் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. சட்டத்தைப் போட்டவர் நகர வரலாற்றுக் கழகத்தின் தலைவர் சோமசேகரம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கோடு என்று ஒன்றைக் கீறினால் அது கோடாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் எப்பிடி ஐயா உள்ளுக்கு வாறது?” என்று நூதனசாலைப் பொறுப்பாளர் கமலேஸ்வரி ஒருமுறை கேட்டாள்.

சோமசேகரம் சிரிக்கவில்லை. “நாங்கள் காட்சிப் பொருள் இல்லை பிள்ளை. உத்தியோகத்தர்” என்றார்.

இந்தச் சட்டத்தால் அங்கே இடத்துக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. நீண்ட மண்டபத்தின் ஒரு மூலையில் பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. கண்ணாடிப் பெட்டியில் கொஞ்சம் காசுகள். சுவரில் ஒரு திமிங்கில விலா எலும்பு. ஒல்லாந்தர் காலத்து ஓடுகள், யாரோ ஒரு வெள்ளைக்காரத் தளபதி புகைத்ததாக நம்பப்பட்ட உடைந்த சுங்கான். மீதி இடம் முழுவதும் காற்று வந்து போனது. கமலேஸ்வரி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். காலம் தெரியாத பொருளுக்கு ஒரு காலத்தை எழுதிவிடச் சொன்னால் அவள் கை ஓடாது. அதனாலேயே சோமசேகரத்துக்கு அவள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அவள் எழுதி ஒட்டிய அட்டையை அவர் தேவார ஏடு மாதிரி வாசிப்பார்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரை கழிந்ததும் சோமசேகரம் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். “சட்டம் ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. தலைவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஊர்களிலிருந்து சனம் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம்களாயின. நூதனசாலையைப் பார்க்க ஒரு குஞ்சு குருமானும் வரவில்லை. கமலேஸ்வரி காலையில் திறந்து, பீரங்கிக் குண்டுகளைத் துடைத்து, மாலையில் பூட்டினாள்.

அப்படி ஒரு காலையில் வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதில் படங்குத் துணியால் மூடிய ஏதோ ஒன்று. வண்டியைத் தள்ளி வந்தவள் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“அக்கா, இதுதானே பழைய சாமான் வைக்கிற இடம்?”

“ஓம்.”

“அப்ப இதையும் வைங்க.”

துணியை விலக்கினாள். தையல் மெசின். அவள் பெயர் சித்தி பரீதா. தோப்பூர். கணவன் சவூதியில். இரண்டு பெண் பிள்ளைகளோடும் இந்த மெசினோடும் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிறாள்.

“எப்ப வாங்கின மெசின் இது?”

“எழுபத்தினாலில. என்ட கலியாணத்துக்கு வாப்பா வாங்கித் தந்த.”

“பதினாறு வருஷம்தானே ஆகுது. இங்க வைக்கிறதெண்டால் நூறு வருஷம் வேணும்.”

பரீதா கொஞ்சம் யோசித்தாள். “மிச்சத்தை இங்க இரிந்தே கழிக்கட்டுமே” என்றாள்.

கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்ததே இல்லை.

“வகுப்பறைக்குள்ள நெருக்கியடிச்சுக்கொண்டு கிடக்கிறம் அக்கா. பிள்ளைகள் சில்லைச் சுத்தி விளையாடுதுகள். ஊசிப்பெட்டியை ஆரோ எடுத்துட்டாங்க. இங்க கம்பி போட்ட ஜன்னல் இரிக்கு. பெரிய பூட்டு இரிக்கு. இங்க வந்து ஒருத்தனும் களவெடுக்க மாட்டான்.”

“ஏன் அப்பிடிச் சொல்லுறீங்கள்?”

பரீதா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “என்னத்தை எடுக்கிற?”

மெசின் உள்ளே வந்தது. தற்காலிகமாகத்தான் என்று கமலேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் படையினர் வீதியில் வீடு வீடாகச் சோதனை செய்து வந்தபோது, மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் அட்டை இருக்க மெசினுக்கு மட்டும் இல்லாததை அதிகாரி கவனித்தார். விரலால் காட்டி என்னவென்று கேட்டார். “அட்டை எழுதிக்கொண்டிருக்கிறன்” என்றாள் கமலேஸ்வரி. சொன்னதற்காக அன்றே உட்கார்ந்து எழுதினாள்.

தையற்பொறி. தோப்பூர்ப் பகுதி. கைச்சக்கரமும் கால்மிதியும் உடையது. காலம்: ஆய்வில் உள்ளது.

ஒரு சொல்லும் பொய் இல்லை. மெசினின் கழுத்தில் கம்பனியின் பெயர் தங்க எழுத்தில் பளபளத்தது. அதை மறைக்கிற மாதிரி ‘தொடாதீர்கள்’ பலகையைத் தொங்கவிட்டாள்.

இந்தக் கதை முகாம்களில் பரவ இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. தம்பலகாமத்து இராசமலர் ஒரு முதிரை மரத் தொட்டிலோடு வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். தொட்டிலைத் தலையில் சுமந்து வந்த கணவன் தவராசா, அதை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். “முகாமில வைச்சால் ஆரும் அடுப்புக்கு எடுத்துப் போடுவினம் மிஸ்” என்றான். அடுத்ததாகச் சல்லிக் கிராமத்திலிருந்து கருவாட்டு வியாபாரி பாக்கியரத்தினம் சைக்கிளோடு வந்தார். பிறகு அம்மி வந்தது, ஆர்மோனியம் வந்தது, கலப்பை வந்தது, கும்பாவும் குத்துவிளக்கும் செம்புக் குடங்களும் வந்தன. மான் கொம்பு பதித்த ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்த கிழவர், தான் முகம் பார்க்கிறதற்கு வாரம் ஒருமுறை வருவேன் என்று நிபந்தனை போட்டார்.

கமலேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதினாள். ஊர், உலோகம், மரம் எல்லாம் சரியாக எழுதினாள். கடைசி வரி மட்டும் எல்லா அட்டையிலும் ஒன்றுதான்.

பரீதா பின்னேரங்களில் வந்து மெசினில் தைத்தாள். ‘தொடாதீர்கள்’ பலகை அவள் நெஞ்சுக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கும். தப்பித்தவறி யாராவது பார்வையாளர் வந்துவிட்டால் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டையைக் குனிந்து வாசிப்பாள். ஒருநாள் உள்ளே வந்த கடற்படை அதிகாரி ஒருவர், அவள் அப்படி ஆழ்ந்து வாசிப்பதைக் கண்டு தானும் பக்கத்தில் வந்து நின்று, தமிழ் தெரியாமலே அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பாக்கியரத்தினம் வெள்ளிக்கிழமைகளில் வந்து தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். சைக்கிள் நின்ற இடத்தில் கமலேஸ்வரி ஒரு சிறிய அட்டையை வைப்பாள்: பராமரிப்புக்காக அகற்றப்பட்டுள்ளது. அவர் திரும்பி வந்ததும் கருவாட்டு மணத்தோடு சைக்கிள் பழைய இடத்துக்கு ஏறும்.

மாசியில், யாரும் எதிர்பாராத ஒரு நாளில், சோமசேகரம் திரும்பி வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் இரண்டும் முட்டை மாதிரிப் பெரிதாகத் தெரிந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நூதனசாலைக்கு வந்து, மண்டப வாசலில் நின்றவர் அப்படியே நின்றார்.

கமலேஸ்வரி இந்த நாளுக்காக ஒரு விளக்கத்தைப் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். “ஐயா, நான் ஒரு விஷயம் சொல்லவேணும்…” என்று தொடங்கினாள்.

அவர் கேட்கவில்லை. மெல்ல நடந்தார். தொட்டிலைத் தொட்டார். அம்மியைத் தடவினார். ஒவ்வோர் அட்டையையும் மூக்கு முட்டக் குனிந்து வாசித்தார். திரும்பியபோது அவர் முகம் முழுவதும் சிரிப்பு. சோமசேகரத்துக்கு இவ்வளவு பற்கள் இருப்பது கமலேஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது.

“எல்லாம் போயிருக்கும் எண்டுதான் நினைச்சன் பிள்ளை. ஷெல் விழுந்திருக்கும், கதவை உடைச்சிருப்பினம் எண்டு ஒவ்வொரு ராவும் நினைச்சன். நீ இந்தச் சண்டைக்குள்ள ஊர் ஊராத் திரிஞ்சு இவ்வளவையும் சேர்த்திருக்கிறாய்!”

“ஐயா, அது வந்து…”

“ஒண்டும் சொல்லாத. ஆய்வில இருக்கெண்டு எழுதியிருக்கிறாய். நீ எழுதுவாய், உனக்கு அவசரம் கிடையாது. ஆய்வை நான் செய்யிறன்.”

நாளைக்குச் சொல்லலாம் என்று கமலேஸ்வரி நினைத்தாள். மறுநாள் அவர் அளவு நாடாவோடு வந்தார். தொட்டிலின் நீள அகலத்தை அளந்து, அது ஒல்லாந்தர் அளவுகோலோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்றார். அம்மி குளக்கோட்டு மன்னன் காலமாக இருக்கக்கூடும் என்றார். மெசினின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, ஆங்கிலேயத் தளபதி ஒருவரின் மனைவி கோட்டைக்குள் இருந்து இதில்தான் தைத்திருப்பாள் என்று முடிவு கட்டினார். அன்று பின்னேரம் அதைக் கேட்ட பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எங்கட வாப்பா அறிஞ்சா என்ன செல்வாரு! வெள்ளைக்காரிட மெசினை மூதூர்க் கடையில வாங்கியிரிக்கார்.”

“சிரியாதேங்கோ பரீதா. இதை இனி எப்பிடி அவருக்குச் சொல்லுறது?”

“உள்ளதைச் செல்லிருங்கக்கா.”

“அவர் சிரிக்கிறார். அதுதான் ஏலாமல் கிடக்கு.”

சோமசேகரம் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். பண்பாட்டு விடயங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஞானசேகரம் என்பவர் திருகோணமலைப் பக்கம் வரும்போது புதிய காட்சி மண்டபத்தைத் திறந்துவைக்கச் சம்மதித்தார். நாள் குறிக்கப்பட்டது. மண்டபத்தின் நடுவே திரை போட்டு, அதைச் சுண்டி இழுத்துத் திறக்க வேண்டும் என்பது சோமசேகரத்தின் ஆசை. திரையைத் தைத்துக் கொடுத்தது பரீதா. எந்த மெசினில் என்று அவர் கேட்கவில்லை.

சபை நிறைய வேண்டும் என்றும் அவருக்கு ஆசை. நகரத்தில் அப்போது சபை நிறைக்கக்கூடிய சனம் முகாம்களில்தான் இருந்தது. அழைத்து வரும் பொறுப்பு கமலேஸ்வரியின் தலையில் விழுந்தது. அவள் முகாம் முகாமாகப் போய்ச் சொன்னாள். “வாங்கோ, வந்திருங்கோ. ஆனால் ஒருத்தரும் உங்கட சாமானைத் தொடவேண்டாம். அதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.”

அன்று காலை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரையில் ஞானசேகரம். பயணக் களைப்பில் இருந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். சிவப்புத் திரைக்கு முன்னால் நின்று சோமசேகரம் பேசத் தொடங்கினார். நில அளவையாளராக இருந்த காலம் முழுவதும் பேசாமல் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அன்று வெளியே வந்தது. தொட்டிலின் பேச்சு வந்ததும் ஒரு கையைத் திரையை நோக்கி நீட்டினார்.

“இருநூறு ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த ஓர் ஒல்லாந்தத் தாய் இந்தத் தொட்டிலை ஆட்டியிருப்பாள். அந்தக் குழந்தை எங்கே? அந்தத் தாலாட்டு எங்கே? எல்லாம் காலத்தில் கரைந்துபோய்விட்டன. தொட்டில் மட்டும் மௌனமாக நிற்கிறது!”

சொல்லிவிட்டுத் திரையின் கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

தொட்டில் மௌனமாக நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து மாதக் குழந்தை ஒன்று காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. திடீரென்று வெளிச்சமும் இத்தனை முகங்களும் வந்ததைக் கண்டு ஒரு கணம் யோசித்துவிட்டு, வீரிட்டு அழத் தொடங்கியது.

ஞானசேகரம் கதிரையிலிருந்து எழுந்து வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். அட்டையை வாசித்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

“பிள்ளையும் ஆய்விலதான் இருக்குதோ?” என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து இராசமலர் ஓடி வந்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. முகாமில நிலத்தில கிடத்தினால் கண் மூடுறானில்லை. திரைக்குப் பின்னால ஒருத்தரும் பார்க்கமாட்டினம் எண்டு போட்டனான். நல்ல நித்திரையாத்தான் கிடந்தவன். நீங்கள் பெலத்துக் கதைச்சதிலதான்…”

சபை வெடித்துச் சிரித்தது. ஒருவர் சிரிக்கத் தொடங்கியதும், இத்தனை நேரம் அடக்கிக்கொண்டிருந்த எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு கிழவி, “அதுதான் என்ட அம்மி” என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் கைகாட்டினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் மணிச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை. சந்தையிலிருந்து நேரே வந்த பாக்கியரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சனத்துக்கு நடுவே வந்தார்.

“தங்கச்சி, கூட்டமாக் கிடக்கு. சைக்கிளை எங்க விடுறது? பழைய இடத்திலயோ?”

சோமசேகரம் திரைக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கமலேஸ்வரிக்குத் துணிவு வரவில்லை.

ஞானசேகரம்தான் கூட்டத்தை அமர்த்தினார். இராசமலரின் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று, “இது ஆற்றை?” என்று கேட்டார். உரியவர்கள் கை உயர்த்தினார்கள். கடைசியில் சோமசேகரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

“எனக்கு ஊர் யாழ்ப்பாணம். எங்கட வீட்டுச் சாமானெல்லாம் இப்ப ஆற்றை வீட்டில கிடக்கோ தெரியாது. இப்பிடி ஒரு இடம் அங்க இருந்திருந்தால் நானும் அம்மான்ர கதிரையைக் கொண்டுவந்து விட்டிருப்பன்” என்றார். குழந்தை அவர் சட்டையை நனைத்துவிட்டது. அவர் சட்டையைப் பார்த்து, சிரித்து, விடைபெற்றுப் போனார்.

எல்லோரும் போன பிறகு சோமசேகரம் தொட்டிலின் அட்டையை எடுத்து மறுபடி வாசித்தார்.

“இதில ஒரு சொல்லும் பொய் இல்லை” என்றார்.

“ஓம் ஐயா.”

“அதுதான் எனக்குக் கூடக் கோபம்.”

“சொல்லத்தான் வெளிக்கிட்டனான் ஐயா. நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். அப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமலே தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்.

தான் செய்தது பிழையா சரியா என்று அன்று இரவு கமலேஸ்வரிக்கே தெரியவில்லை. பொருள்களை உள்ளே விட்டதற்காக அவள் வருந்தவில்லை. அவர் அந்தச் சபையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலைதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாள் நூதனசாலையைத் திறக்கவில்லை. சாவியைக் கொண்டுபோய்ச் சோமசேகரத்தின் மனைவி புஷ்பவதியிடம் கொடுத்தாள். “ஐயா சொன்னால்தான் திறப்பன்” என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள்.

இதில் மாட்டிக்கொண்டது முகாம்காரர்கள். பரீதாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை பாதியில் நின்றது. பாக்கியரத்தினம் கருவாட்டுச் சாக்கைத் தோளில் சுமந்து நடந்தார். இராசமலரின் குழந்தை ஒரு வகுப்பறை முழுவதையும் தூங்கவிடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் எல்லோரும் சேர்ந்து சோமசேகரத்தின் வீட்டுப் படலைக்கு முன்னால் போய் நின்றார்கள். செய்தி கேட்டுக் கமலேஸ்வரியும் பதறிக்கொண்டு ஓடினாள்.

சோமசேகரம் வெளியே வரவில்லை. ஜன்னலுக்குள் இருந்து, “நூதனசாலை சாமான் வைக்கிற கொட்டில் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

பரீதா படலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஐயா, நாங்க உங்களை ஏமாத்த நினைக்கல்ல. நீங்க ஒருநாளாவது எங்களிட்டக் கேட்டீங்களா? வெள்ளைக்காரி தைச்ச எண்டு நீங்களே செல்லிட்டுப் போனீங்க. என்ட மெசினைப் பத்தி எனக்கிட்டக் கேட்டா நான் செல்ல மாட்டனா?”

பின்னால் நின்ற தவராசா படலைக்குக் கிட்ட வந்தான்.

“என்ட தொட்டிலும் அப்பிடித்தான்” என்றான் தவராசா. “ஒல்லாந்தக்காரன் எங்கயிருந்து வந்தவன்? எங்கட வயல் கரையில நிண்ட முதிரை. யானை வந்து சாய்ச்சுப்போட்டுது. அதை அரிஞ்சுதான் மாமா தொட்டில் செய்தவர்.”

ஜன்னலில் சோமசேகரத்தின் மூக்குக்கண்ணாடி பளபளத்தது. “யானை சாய்ச்ச மரமோ?”

“ஓம்.”

“எந்த வருஷம்?”

“எழுபத்தொன்பது.”

“எந்தப் பக்கம் விழுந்தது?”

தவராசா விழித்தான். “குளத்துப் பக்கம்.”

“ஒரு யானையோ, கூட்டமோ?”

“ஒத்தை யானை ஐயா. கொம்பன். அதுக்குப் பேரும் இருக்கு.”

கதவு திறந்தது. சோமசேகரம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு முற்றத்துக்கு வந்தார். வந்தவர் நேராகக் கமலேஸ்வரியைப் பார்த்து, “இதையேன் நீ அட்டையில எழுதேல்லை?” என்று கேட்டார். அதட்டுகிற மாதிரித்தான் கேட்டார். ஆனால் ஐந்து நாளாக அவள் நெஞ்சில் இருந்த கல் அந்த அதட்டலில் இறங்கிப்போனது.

அன்றைக்கே நூதனசாலை திறந்தது. சோமசேகரம் தன் சட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. மண்டபத்தின் நடுவே அளவு பிடித்து, நூல் அடித்து, தரையில் மஞ்சள் வர்ணத்தால் ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நூறு வயதானவை. இந்தப் பக்கம் ஆகாதவை. பழைய அட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி, கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதுவித்தார். கமலேஸ்வரி எழுத, அவர் பக்கத்தில் நின்று குறுக்குக் கேள்வி போட்டார். தன் மெசினைப் பற்றிப் பரீதா இரண்டு பின்னேரம் சொன்னாள். ஊரில் முதல் சல்வார் அதில்தான் தைக்கப்பட்டதாம். ஓட்டத் தெரியாத காலத்தில் ஊசி ஏறிய விரலையும் காட்டினாள். இவ்வளவும் அட்டையில் அடங்காது என்றபோது, “பெரிய அட்டை வெட்டு” என்றார் சோமசேகரம்.

புதிய விதிகளும் வந்தன. உரியவர்கள் பின்னேரத்தில் மட்டும் தங்கள் பொருளைப் பாவிக்கலாம். கருவாட்டைச் சைக்கிளில் கட்டியபடி உள்ளே கொண்டுவர ஏலாது. தொட்டிலில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான். ஒருநாள் இராசமலரின் மகன் தவழ்ந்து மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பீரங்கிக் குண்டை நக்கிக்கொண்டிருந்ததைக் கண்ட சோமசேகரம், அவனைத் தூக்கி வந்து இந்தப் பக்கம் வைத்தார். அவன் திரும்பப் போனான். இவர் திரும்பத் தூக்கி வந்தார். அன்று பின்னேரம் முழுவதும் இருவருக்கும் அதுதான் வேலை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு நூதனசாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார்கள். தெரிந்தவர்களின் பெயரை அட்டையில் கண்டு சத்தம் போட்டு வாசித்தார்கள். திமிங்கில எலும்பைத் தூசி தட்டக் கமலேஸ்வரியை விட்டால் ஆளில்லை.

அடுத்த ஆண்டு சில ஊர்களுக்குச் சனம் திரும்பத் தொடங்கியது. கலப்பை போனது, ஆர்மோனியம் போனது. தொட்டில் போன அன்று சோமசேகரம் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு பரீதாவின் முறை வந்தது. தோப்பூரில் அவள் வீட்டுக்குக் கூரை இல்லை, சுவர்கள் நிற்கின்றன என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள்.

“கூரை இல்லாத வீட்டில மெசினை எங்க வைப்பீங்கள்?” என்று கேட்டாள் கமலேஸ்வரி. “இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்.”

“மெசினை வைச்சாத்தானே அக்கா கூரையைப் போடலாம்.”

சோமசேகரம் தானும் வருவதாகச் சொன்னார். நூதனசாலையிலிருந்து ஒரு பொருள் வெளியேறினால் அது சரியான இடத்தில் வைக்கப்படுகிறதா என்று பார்ப்பது தலைவரின் கடமை என்றார். அப்படி ஒரு கடமை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. லோஞ்சில் மெசினுக்குப் பக்கத்தில் அமர்ந்து அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். நடுக்கடலில் அலை தூக்கிப் போட்டதில் வாந்தியும் எடுத்தார். மூதூரிலிருந்து உழவு மெசின் ஒன்று இழுத்த பெட்டியில் ஏறி, குலுங்கிக் குலுங்கித் தோப்பூர் போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டில் கதவு, ஜன்னல், ஓடு ஒன்றும் இல்லை. முன் அறைக்குள் பூவரச இலைகள் மிதிபட்டுக் கிடந்தன. பரீதா வாசலிலேயே நின்றாள். பிள்ளைகள் இருவரும் உள்ளே ஓடி, எது எந்த அறை என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அவள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு விளக்குமாறைத் தேடினாள்.

கூட்டி முடிந்ததும் மெசினைத் தூக்கி வைத்தார்கள். அது ஆடியது. சோமசேகரம் பையிலிருந்து மட்டம் பார்க்கும் குமிழியை எடுத்து மெசின் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உடைந்த ஓட்டுத் துண்டைக் காலுக்குக் கீழே செருகி, மறுபடி பார்த்தார். மூன்று தரம் மாற்றிச் செருகிய பிறகுதான் திருப்திப்பட்டார். பரீதா உட்கார்ந்து மிதித்தாள். சத்தம் கேட்டு அயலில் இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கிழிந்த சாக்குப் படங்கு ஒன்றைக் கொண்டுவந்து, “இதைப் பொருத்தித் தாங்களேன், கூரைக்குப் போடோணும்” என்று நீட்டினாள்.

கடைசி லோஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. கமலேஸ்வரியும் சோமசேகரமும் விடைபெற்று ஒழுங்கையில் இறங்கினார்கள். பின்னால் மெசின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திருப்பம் வந்ததும் சோமசேகரம் நின்றார்.

“பிள்ளை, கிணத்தடியில ஒரு கல் கிடந்தது, கண்டனியோ? பலகை மாதிரி, ஒரு பக்கம் தேஞ்சு.”

“அது உடுப்புத் தோய்க்கிற கல் ஐயா.”

“எவ்வளவு காலமாத் தோய்க்கினம் எண்டு கேட்டனியோ?”

“லோஞ்சு போயிடும் ஐயா.”

“அதுக்கென்ன, நாளைக்கும் லோஞ்சு வரும்தானே” என்று சொல்லிக்கொண்டு, அளவு நாடாவைப் பையிலிருந்து இழுத்தபடி, அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.